ஒரு தூசி விழாமல்

ஜன்னல் இடுக்குகளில் காகிதத்தை வெளிப்பக்கமாக ஒட்டியிருந்தார்கள். கார் கொட்டகையைச் சுற்றி வந்த திம்மராயனின் கண்ணில் முதலில் பட்டது அதுதான். காருக்கும் பஸ்ஸுக்கும் பெயிண்ட் அடித்தே பாதித் தலை நரைத்தவன் அவன். ஈரப் பெயிண்டில் தூசி விழாமலிருக்க இடுக்குகளில் பசை தடவிக் காகிதம் ஒட்டுவது எல்லாப் பெயிண்டரும் செய்கிற காரியம்தான். ஆனால் உள்ளேயிருந்து ஒட்டுவார்கள். மூச்சு முட்டினால் கிழித்துப் போட்டுவிட்டு ஜன்னலைத் தள்ளித் திறந்துகொள்ளலாம். இங்கே ஜன்னல் கதவுக்கும் வெளியேதான் தாழ்ப்பாள் இருந்தது. வேலை செய்பவன் உள்ளே இருக்கும்போது வேறு யாரோ வெளியே நின்று, நிதானமாக, ஓரம் பிசகாமல் ஒட்டிய காகிதம் அது.

சென்றாயன் இதற்கு எப்படிச் சம்மதித்தான் என்று அவனுக்குப் புரியவில்லை. சென்றாயன் அவன் மனைவி சாந்தம்மாவின் தம்பி, அவனும் பெயிண்டர்தான். கார்த்திகை மாதம் இந்தக் காருக்குப் பெயிண்ட் அடிக்க வந்தவன் திரும்பி வரவில்லை. பாதி வேலையில் ஓடிப்போய்விட்டான், வேறு ஆள் அனுப்புங்கள் என்று கார்க்காரர் கிருஷ்ணகிரிப் பட்டறைக்குச் சொல்லி அனுப்பினார். அந்த வேறு ஆளாகத்தான் திம்மராயன் வந்திருந்தான். மச்சினனைத் தேடி வந்தவன் என்பதை மட்டும் சொல்லிக்கொள்ளவில்லை. புறப்படும்போது சாந்தம்மா வாசலில் நின்று அழவில்லை, சத்தமும் போடவில்லை. "எந்தம்பிய கையோட கூட்டிக்கிட்டு வா. அவன் இல்லாம நீயும் ஊட்டுக்கு வராத" என்று மட்டும் சொன்னாள்.

கார்க்காரர் சென்னகிருஷ்ணன் ஓசூரில் புளி மண்டி வைத்திருந்தார். தேன்கனிக்கோட்டை போகிற பாதையில், ஊரைவிட்டுத் தள்ளி, அவருடைய வீடு. பெங்களூரிலிருந்து சீமைக்குப் போன வெள்ளைக்காரத் துரை ஒருவர் விற்றுவிட்டுப் போன கார் அது. தை மாதம் மகளுக்குக் கல்யாணம், மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு அந்தக் கார்தான் முன்னால் போக வேண்டும், அரக்கு நிறத்தில் முகம் பார்க்கிற மாதிரி. மெல்லிய குரல் அவருக்கு. உட்காருவதற்கு முன் பெஞ்சைத் துண்டால் தட்டினார், எழுந்த பிறகும் தட்டினார். தோளில் இருந்த துண்டு எப்போதும் எதையாவது துடைத்துக்கொண்டே இருந்தது.

"ஓடிப்போனவன் எந்தப் பக்கம் போனானுங்க சாமி?" என்று திம்மராயன் போகிற போக்கில் கேட்பது போலக் கேட்டான்.

"யாரு கண்டா? பெங்களூருக்குன்னு சொல்லிக்கிட்டாங்க. கை சுத்தமான கை, மேஸ்திரி. ஆனா பொறுமையில்ல. காயற வரைக்கும் பொறுக்கத் தெரியல அவனுக்கு."

கொட்டகை முழுக்கக் கருங்கல். அந்தப் பக்கத்தில் கல்லுக்குப் பஞ்சமில்லை, சுவரும் கற்பலகை, கூரையும் கற்பலகை, மூட்டுகளில் சுண்ணாம்பு. கூரையில் வெளிச்சத்துக்காக உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடியைப் பதித்திருந்தார்கள். ஒரே ஜன்னல், ஒரே கதவு, இரண்டும் கனத்த பலாப் பலகை. உள்ளே காலடி வைத்ததும் வாடை வந்து முகத்தில் அடித்தது. பெயிண்டும் தின்னரும் கலந்த அந்த வாடை அவனுக்குச் சோற்று வாசனை மாதிரிப் பழகியது. ஆனால் இதற்கு அடியில் இன்னொன்று இருந்தது. இனிப்பாக, ஈரமாக, மூடி வைத்து மறந்துபோன பலகாரத்தின் நாற்றம் போல. எலி செத்துக் கிடக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

காரின் இடது பக்கம் அற்புதமாக இருந்தது. சென்றாயனின் கைவேலை. அவன் வேலையில் திட்டுத் தெரியாது, வழிசல் தெரியாது, தண்ணீர் ஊற்றி வைத்தது போல் அடிப்பான். அந்த அழகு பின் கதவின் நடுவில் திடீரென்று நின்றுவிட்டிருந்தது. பெயிண்டர் வேலையை நிறுத்தினால் கதவின் ஓரத்தில் நிறுத்துவான், மடிப்பில் நிறுத்துவான். நடுத் தகட்டில் நிறுத்தவே மாட்டான். நிறுத்திய இடத்தில் அரக்குப் பூச்சு ஒரு பக்கமாகச் சரிந்து, கீழே இறங்கி, சக்கரத்தின் மேல் கோடாக வழிந்து காய்ந்திருந்தது.

பெயிண்ட் அடிக்கும் துப்பாக்கி மூலையில் கிடந்தது. அதன் பிடியில் சிவப்புக் கயிறு. கண்ணேறு படாமலிருக்கச் சாந்தம்மா தன் கையால் கட்டி அனுப்பிய கயிறு. தொழில்காரன் ஓடிப்போகலாம், கூலியைக்கூட விட்டுவிட்டுப் போகலாம், துப்பாக்கியை விட்டுவிட்டுப் போவானா? திம்மராயன் அதைக் கையில் எடுத்துக் கயிற்றை விரலால் தடவினான். சென்னகிருஷ்ணன் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த ஜன்னல் காகிதத்தக் கிழிச்சு உடுங்க சாமி. தின்னர் வாடை உள்ளாறயே தங்குனா ஆளக் கெறக்கிப் போட்டுரும்."

"வெளிய பாரு மேஸ்திரி."

வெளியே அடுத்த களத்தில் கேழ்வரகு அடித்துக்கொண்டிருந்தார்கள். மாடுகள் கல் உருளையை இழுத்துச் சுற்றிச் சுற்றி வந்தன, ஓட்டுகிறவர்கள் கன்னடத்தில் பாட்டுப் பாடினார்கள். காற்று வாட்டத்தில் தூற்றிய உமிப் பொட்டும் சுணையும் வெயிலில் மிதந்து வந்து வேலியில், துணியில், கண்ணிமையில் எல்லாம் படிந்தது. அந்தப் பொடி ஈரப் பூச்சில் விழுந்தால் கார் சொறி பிடித்த நாயாகிவிடும் என்பது திம்மராயனுக்கும் தெரியும். மழைக்கு முன்னால் அடித்து முடிக்க வேண்டிய கதிர், அவர்களை நிறுத்தச் சொல்ல முடியாது. கல்யாணத்தையும் தள்ளிப்போட முடியாது.

"துண்ட நனச்சு மூக்குல கட்டிக்க. வெல்லம் தரச் சொல்றேன்" என்றார் சென்னகிருஷ்ணன்.

பெயிண்டர்களுக்கு வெல்லத்தின் மேல் இருந்த நம்பிக்கை குலதெய்வத்தின் மேல்கூட இருந்ததில்லை. ஒரு கட்டியை வாயில் அடக்கிக்கொண்டால் நெஞ்சில் இறங்குகிற விஷத்தை அது வழித்துக்கொண்டு வயிற்றுக்குப் போய்விடுமாம், மோர் குடித்தால் தீர்ந்ததாம். வெல்லம் எதையும் வழித்ததில்லை. அது வாயில் இருக்கிற தைரியத்தில் அவர்கள் ஜன்னலைத் திறக்காமல் இருந்தார்கள், அவ்வளவுதான். திம்மராயனும் அப்படியே. அவன் மறுத்துவிட்டுப் போயிருக்கலாம். போனால் சாந்தம்மாவுக்கு என்ன பதில் சொல்வது? இந்த வீட்டில் சாயங்காலம் வரைக்கும் இருந்தால்தான் ஏதாவது தெரியும்.

சென்னகிருஷ்ணனின் மனைவி வெங்கடம்மா வெல்லக் கட்டியும் மோரும் கொண்டுவந்தாள். நல்ல பெரிய கட்டி. கொடுக்கும்போது அவள் கொட்டகைக்குள் எட்டிப் பார்க்கவில்லை, வாசற்படியைக்கூட மிதிக்கவில்லை, மகனைக் கூப்பிடுவது போலத் தெலுங்கில் கூப்பிட்டாள்.

"தின்னு நாயனா. எல்லாத்தையும் தின்னுடு. உள்ள சிந்தாத, எறும்பு வருது."

"கதவத் தாப்பா போடாதீங்க" என்றான் திம்மராயன்.

"சும்மா சாத்தி வெக்கறேன்" என்றார் சென்னகிருஷ்ணன்.

கதவைச் சாத்தினார். வெளியே ஈரச் சாக்கைத் தொங்கவிடும் சத்தம் சளப்பென்று கேட்டது. பிறகு, அவசரமில்லாமல், தாழ்ப்பாள் இறங்கும் சத்தம்.

"சாமி!"

"நாய் முட்டித் தொறந்துரும் மேஸ்திரி. இங்கதான் எஞ்சின்கிட்ட நிக்கறேன். ஒரு கொரல் குடு."

காற்றடைக்கும் எஞ்சின் வெளியே டக்டக்கென்று கிளம்பியது. சுவரில் போட்ட ஓட்டை வழியாக வந்த ரப்பர் குழாய் பாம்பு மாதிரி ஒரு தரம் உதறி எழுந்தது. ஓட்டையில் குழாயைச் சுற்றிக்கூடக் காகிதம் அடைத்துப் பசை தடவியிருந்தார்கள்.

அவன் வேலையைத் தொடங்கினான். சென்றாயன் விட்ட இடத்தை உப்புத்தாளால் தேய்த்துச் சமன் செய்து, அங்கிருந்தே பிடித்தான். சுஸ்ஸென்று பூச்சு இறங்கியது. கூரைக் கண்ணாடியிலிருந்து விழுந்த வெளிச்சத்தில் அரக்குப் புகை சுருண்டு சுருண்டு எழுந்து, போக இடமில்லாமல் கல்லில் முட்டிக் கீழே இறங்கி, முழங்கால் உயரத்துக்குத் தேங்கியது. நாக்கு இனித்துக் கசந்தது. கண் ஓரம் எரிந்தது. கை மட்டும் பழக்கத்தில் வலமும் இடமுமாகப் போய் வந்துகொண்டிருந்தது, கை வேறு யாருடையதோ போல.

பின்பக்கம் முடித்து வலப்பக்கம் வந்தபோது விசையை விட்டான். துப்பாக்கி நின்றது.

காரின் அந்தப் பக்கத்தில் சுஸ்ஸென்ற சத்தம் இன்னும் கொஞ்ச நேரம் ஓடி, பிறகு நின்றது.

குழாயில் ஓட்டை இருக்கும் என்று நினைத்தான். தடவிப் பார்த்தான், ஓட்டை இல்லை. மறுபடி அடித்தான், மறுபடி நிறுத்தினான். இந்தத் தடவை அந்தப் பக்கத்துச் சத்தம் நிற்க இன்னும் நேரமானது. அது கசிகிற சத்தமில்லை. வலமாகப் போய் ஒரு கணம் ஓய்ந்து, இடமாகத் திரும்பி வருகிற சத்தம். பெயிண்டரின் கைச் சத்தம். திம்மராயன் சுற்றிப் போய்ப் பார்க்கவில்லை. பயமாக இருந்தது, அதனால் பார்க்கவில்லை. கெறக்கம், எல்லாம் வாடைக் கெறக்கம், சீக்கிரம் முடித்துவிட்டு வெளியே போய்விடலாம் என்று வாயிலிருந்த வெல்லத்தைக் கடித்தபடி வேகமாக அடித்தான். வேகமாக அடித்தும் ஒரு வழிசல் இல்லை. கடைசிக் கதவும் முடிந்தது.

"ஆச்சுங்க சாமி! தொறங்க!"

எஞ்சின் ஓடியது. களத்தில் பாட்டு ஓடியது. யாரும் வரவில்லை.

இன்னொரு தரம் கத்தினான். வெல்லத் துண்டு வாயிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. எடுக்கக் குனிந்தபோதுதான் எறும்புகளைப் பார்த்தான். சுவரிலிருந்தோ கதவிலிருந்தோ அவை வரவில்லை. காருக்கு அடியிலிருந்து வந்தன. ஒவ்வொன்றும் வாயில் ஏதோ பொடியைத் தூக்கிக்கொண்டு, தரைக்குள்ளிருந்து மேலே ஏறி வந்துகொண்டிருந்தன.

மண்டியிட்டு எட்டிப் பார்த்தான். கொட்டகை முழுக்கக் கல் பாவிய தரை. இரண்டு சக்கரங்களுக்கும் நடுவில் மட்டும் நீளவாக்கில் ஒரு பட்டை, செம்மண் போட்டு மிதித்துச் சாணி மெழுகியிருந்தது. அடியில் இறங்கி எண்ணெய் போடுவதற்காக வெட்டிய குழி. காரை நிறுத்திவைத்துக்கொண்டு அந்தக் குழியை எதற்கு மூடுவார்கள்?

அடியில் நுழைந்து, பள்ளம் அடைக்கப் பட்டி பூசுகிற தகட்டால் மண்ணைச் சுரண்டினான். மண் பொலபொலவென்று வந்தது. எறும்புகள் கலைந்து கையில் ஏறின. மணிக்கட்டு ஆழத்தில் ஒரு வெல்லக் கட்டி. பெரிய கட்டி, பாதி கடித்தது. அதற்கும் கீழே துணி. அரக்குப் பெயிண்ட் படிந்து விறைத்துப்போன துண்டு, மூக்கில் கட்டுகிற துண்டு. அதன் முனையைப் பிடித்து இழுத்தான்.

வரவில்லை.

இன்னொரு தரம் இழுத்தான். துண்டு எதிலோ கட்டியிருந்தது. எதில் கட்டியிருந்ததோ அது மெதுவாக, மண்ணுக்குள், அவன் இழுத்த பக்கம் திரும்பியது.

காருக்கு அடியிலிருந்து எப்படி வெளியே உருண்டான் என்று தெரியவில்லை. தலை காரில் இடித்தது. எல்லாம் புரிந்துவிட்டது. மூச்சு முட்டியபோது சென்றாயன் குழிக்குள் இறங்கியிருக்கிறான், கீழே குளிர்ச்சியாக இருக்கும் என்று. தின்னர் வாடை கீழேதான் தேங்கும். அதை அவன் மறந்திருக்கிறான். மறக்கும் நிலைக்கு வந்துவிட்டிருக்கிறான்.

கதவில் போய் விழுந்தான். இரண்டு கையாலும் அடித்தான்.

"தொறங்க! சாமி! தொறங்க!"

"அடிக்காத மேஸ்திரி." குரல் கதவை ஒட்டியே வந்தது. அவ்வளவு நேரமும் அங்கேயே நின்றிருந்திருக்கிறார். "கதவு அதிருது. மேலிருந்து சுண்ணாம்பு உதிரும்."

"செத்துருவேன் சாமி!"

"ஈரம் காயட்டும். இப்பத் தொறந்தா மொத்தமும் பாழு. தூத்தறாங்க பாரு, எப்பிடிப் பறக்குதுன்னு."

"குழிக்குள்ள ஆளு கெடக்கறான்! எம் மச்சினன்! அவன எங்கன்னு கேட்டுத்தான் வந்தேன்!"

ஈரச் சாக்கை யாரோ தட்டிச் சரிசெய்தார்கள்.

"அவனும் இப்பிடித்தான் கத்தினான்" என்றார் சென்னகிருஷ்ணன். குரலில் வருத்தம் இருந்தது, நிஜமான வருத்தம். "கொஞ்சம் பொறுத்திருந்தா ரெண்டு பேருக்கும் நல்லதா போயிருக்கும். பாதியில போட்டுட்டான்."

"கார கீறிப்போடுவேன்! தொறக்காட்டி கீறிப்போடுவேன்!"

"கீறு. கிருஷ்ணகிரியில பெயிண்டரா இல்ல?"

தகட்டைத் தூக்கிக்கொண்டு காரிடம் போனான். கார் பளபளத்தது. ஒரு தூசி இல்லை. அந்த அரக்குக் கண்ணாடியில் ஓர் ஆள் கையைத் தூக்கிக்கொண்டு நின்றான். திம்மராயனின் துண்டு மூச்சுத் திணறலில் எப்போதோ அவிழ்ந்து கழுத்தில் கிடந்தது. காரில் தெரிந்த ஆளின் முகத்தில் துண்டு இறுக்கிக் கட்டியிருந்தது.

தகடு கையிலிருந்து விழுந்தது.

காற்று. காற்று வேண்டும். துப்பாக்கி! குழாயில் வருவது வெளிக்காற்று. பெயிண்ட் டப்பாவைக் கழற்றி எறிந்தான். முனையை வாயில் வைத்து விசையை அழுத்தினான். எண்ணெய் நாற்றமடிக்கிற காற்று, வெயில் சூடுள்ள காற்று, நெஞ்சுக்குள் பாய்ந்தது. அழுதான். இன்னொரு மூச்சு. இன்னொன்று. தலை தெளிந்தது. சாயங்காலம் வரை இது போதும், பிழைத்துக்கொள்ளலாம், சாந்தம்மா...

டக்டக் சத்தம் நின்றது.

குழாய் தளர்ந்தது. வாயில் கடைசிக் காற்று ஒரு பெருமூச்சாக வந்து ஓய்ந்தது.

"வேலைதான் முடிஞ்சுதே" என்றது வெளிக் குரல். "பெட்ரோல் வீணா எதுக்கு?"

தவழ்ந்தான். கதவின் கீழ் மூலைக்குப் போனான். அங்கே பலகையின் உட்பக்கம் பள்ளம் பள்ளமாக இருந்தது. நகத்தால் பறித்த பள்ளம். பள்ளங்களில் அரக்கு நிறம். பெயிண்டா, வேறா, தெரியவில்லை. பறித்துப் பறித்து இரண்டு விரல் நுழைகிற அளவுக்கு ஒரு பொத்தல். அதை வெளியேயிருந்து ஈரத் துணியால் அடைத்திருந்தார்கள். விரலை விட்டுத் தள்ளினான். துணி போனது. வெளிச்சம். வாயைப் பொத்தலில் வைத்து உறிஞ்சினான். கேழ்வரகுப் பொட்டு தொண்டையில் ஒட்டியது. அமிர்தம் மாதிரி இருந்தது.

வெளியே மண்ணில் காலடி. கெட்டி வளையல் சத்தம். உட்காரும் சத்தம்.

"நாயனா." வெங்கடம்மாவின் குரல். அழுதிருந்த குரல். "வெல்லம் தீந்துபோச்சா?"

பொத்தலில் இரண்டு விரல் நுழைந்தது. விரலிடுக்கில் ஒரு வெல்லத் துணுக்கு. அவன் உதட்டில் வைத்து அழுத்தின. உள்ளே தள்ளின.

"அம்மா... தொறம்மா..."

"வாயில அடக்கிக்க. பொறுத்துக்க. காஞ்சுரும்."

விரல்கள் போயின. ஈரத் துணி வந்தது. ஓரம் ஓரமாக, ஒரு தூசி நுழையாமல், அவள் அதை அடைத்தாள். அடைத்து முடித்துக் கையால் தட்டினாள்.

வெளிச்சம் இல்லை. கன்னம் கல்லில் கிடந்தது. எறும்பு ஒன்று உதட்டில் ஏறியது. இன்னொன்று.

எஞ்சின் ஓடவில்லை. குழாய் செத்துக் கிடந்தது.

காரின் அந்தப் பக்கத்தில், வலமாகப் போய், ஒரு கணம் ஓய்ந்து, இடமாகத் திரும்பி, சுஸ்ஸென்று யாரோ பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தான். அடித்தபடியே, நிதானமாக, காரைச் சுற்றி இந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தான்.